பாசிக் கோடு

காலை 6.20.

பள்ளிபாளையத்துக்குத் தெற்கே, காவிரிப் படித்துறையில் ஊரே திரண்டு நின்றது. ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கிய வெள்ள மீட்புப் படகு கட்டிய இடத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. பின்முனையில் இருக்க வேண்டிய மோட்டாரைத்தான் காணோம். அதை மூடியிருந்த தார்ப்பாய் படியில் சுருண்டு கிடந்தது.

போலீஸ் வருவதற்குள் ஊர் தீர்ப்பே சொல்லி முடித்துவிட்டது. திருடன் காத்தான்! படகின் அடியில் படிந்த பாசியையும் கறையையும் தேய்த்து எடுக்கக் கூலிக்கு வந்தவன். நேற்று முழுவதும் படகோடு தனியாக இருந்தவன். ஏழை மேல் பழி போட நம்மூரில் இதற்கு மேல் சாட்சி வேண்டுமா என்ன?

காத்தான் கூட்டத்தின் நடுவே கைகட்டி நின்றான். வரும் திங்கட்கிழமை அவன் ஒரு படகு இல்லத்தில் ஓட்டுநராகச் சேர வேண்டும். முப்பத்தாறு வயதில் கிடைத்த முதல் நிரந்தர வேலை. காவல் நிலையத்து நடத்தைச் சான்று மட்டும்தான் பாக்கி. இன்றைக்குத் திருட்டு வழக்கு விழுந்தால் அந்த வேலையைத் தலைமுழுக வேண்டியதுதான்.

காலை 7.05.

சப்-இன்ஸ்பெக்டர் மஞ்சுளா ஜீப்பிலிருந்து இறங்கினார். கெங்கவல்லிப் பக்கம், கிணற்றுப் பாசனக் குடும்பத்துப் பெண். நீச்சல் தெரியாது. கூடவே கான்ஸ்டபிள் வேல்முருகன்.

மீட்புக் குழுவின் செயலாளர் நந்தகுமார்தான் புகார் கொடுத்தவர். விசைத்தறிப் பட்டறைக்காரர்.

"மோட்டாரைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குங்க. தார்ப்பாய்க்குள்ள இருந்துச்சு."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"கட்டுனது கட்டுனபடி இருந்துச்சுங்க. எதுக்குப் பிரிக்கோணும்?"

"அதுக்கு முன்னாடி எப்பவாவது கழட்டினது உண்டா?"

"போன வருச வெள்ளம் வடிஞ்சதுல இருந்து கழட்டவே இல்லீங்க. படகும் தண்ணிய உட்டு ஏறவே இல்லை."

"மோட்டார் என்ன எடை?"

"அறுபது கிலோ வருமுங்க. இன்னைக்குப் பத்து மணிக்கு அதிகாரிங்க வந்து ஓட்டிப் பாக்கறதா இருந்துச்சு. மேட்டூர்ல தண்ணி தொறக்கப் போறாங்களே! அதுக்குள்ள இந்தப் பய இப்படிப் பண்ணிப்போட்டான்."

மஞ்சுளா தார்ப்பாயை எடுத்து உதறினார். நூல் பஞ்சு பறந்தது.

"பள்ளிபாளையத்துல பஞ்சு ஒட்டாத பொருள் ஏது மேடம்?" என்று சிரித்தார் வேல்முருகன். அதுவும் சரிதான். மஞ்சுளா தார்ப்பாயை மடித்து வைத்தார்.

காலை 7.25.

"காத்தான், நேத்து என்ன செஞ்சீங்க?"

"ஒம்போது மணில இருந்து அஞ்சரை வரைக்கும் தேச்சனுங்க. படகக் கரையேத்த நாலு ஆளு வேணுமுங்க. அதனால தண்ணியில வெச்சே தேச்சுப்போடுவேன். அந்தப் பக்கம் மணல் மூட்டை அடுக்குனா இந்தப் பக்கம் மேல ஏறுமுங்க. தேங்கா நாருல தேச்சா பாசி போயிரும். கறைக்கு எலுமிச்சம்பழம். மூட்டையெல்லாம் எறக்கிப்போட்டுத்தானுங்க ஊட்டுக்குப் போனேன்."

"தார்ப்பாயைத் தொட்டீங்களா?"

"மோட்டாருல தண்ணி பட்டுரும், தொடாதேன்னு செயலாளர் சொல்லிப்போட்டாருங்க. சத்தியமாத் தொடலீங்க சாமி!"

"வேலை முடிஞ்சிருச்சா?"

"பாதிதானுங்க. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு காத்தானின் மனைவி மாரக்காள் முன்னால் வந்தாள். "அம்மணி, எம் புருசன் அடுத்தவன் ஊட்டு முருங்கைக்காயக் கூடத் தொடமாட்டாருங்க! அறுபது கிலோ இரும்பத் தூக்கிட்டு வந்து நான் என்ன, கொழம்பா வெக்கப்போறேன்?"

அழுகை நேரத்திலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

காலை 7.40.

கரையிலிருந்து பார்த்தால் படகு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"திருப்பிக் கட்டுங்க. மறுபக்கத்தைப் பாக்கணும்."

"அங்க என்னங்க இருக்குது?" நந்தகுமார் அவசரமாகக் குறுக்கிட்டார். "பாசியெல்லாம்தான் எடுத்தாச்சே."

"யார் சொன்னது?"

கயிற்றை இழுத்துப் படகைத் திருப்பினார்கள். மறுபக்கம் பச்சைப் பசேலென்று பாசி. முன்முனையிலிருந்து பின்முனைவரை அதன் மேல்விளிம்பு, கோடு போட்ட மாதிரி, தண்ணீரை ஒட்டியே ஓடியது. அதற்கு மேலே சுத்தமான வெள்ளை.

மஞ்சுளா படியில் குந்தி உட்கார்ந்து இரண்டு நிமிடம் அதையே பார்த்தார்.

"வேல்முருகன், உங்க எடை என்ன?"

"அறுபத்திரண்டு மேடம். எதுக்கு?"

"மோட்டார் இருந்த இடத்துல போய் நில்லுங்க."

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கையை விரித்தபடி ஏறிப் பின்முனையில் நின்றார். பின்பக்கம் அமுங்கியது. பாசிக்கு மேலே இருந்த வெள்ளை நான்கு விரற்கடை தண்ணீருக்குள் போனது. அவர் இறங்கியதும் படகு எழும்பி, பாசிக் கோடு மறுபடி தண்ணீர் மட்டத்துக்கே வந்து நின்றது.

மஞ்சுளா எழுந்தார்.

"எங்க ஊர்ல கிணத்துத் தண்ணி எதுவரைக்கும் நின்னுதுன்னு யாரையும் கேக்க மாட்டோம். படியில பாசி எதுவரைக்கும் இருக்குன்னு பாப்போம். இந்தப் படகும் அப்படித்தான். அறுபது கிலோ மோட்டார் போன வெள்ளத்துல இருந்து பின்னாடி இருந்திருந்தா, பாசி அங்க நாலு விரற்கடை உசரமாப் புடிச்சிருக்கணும். மோட்டார் நேத்து போயிருந்தா, அந்தப் பாசி இன்னைக்குத் தண்ணிக்கு மேல தெரியணும். தெரியலையே! மோட்டார் இல்லாம மாசக்கணக்கா மிதந்த படகுங்க இது."

கூட்டம் படகையும் நந்தகுமாரையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்ப தார்ப்பாய்க்குள்ள இருந்தது என்ன? கனமில்லாத ஏதோ ஒண்ணு. நந்தகுமார், உங்க பட்டறையில கழிவு நூல் மூட்டைக்கா பஞ்சம்?"

நந்தகுமார் படியில் உட்கார்ந்தார். பிறகு உடைந்தார்.

"எருமப்பட்டியில மச்சான் மீன் புடிக்க ஏரி குத்தகைக்கு எடுத்திருக்கானுங்க. போன வருசம் வெள்ளம் வடிஞ்ச கையோட, ஒரு மாசத்துக்குன்னு கேட்டான், குடுத்தேன். திருப்பித் தரவே இல்லீங்க. இன்னைக்கு ஓட்டிப் பாக்க வாராங்கன்னதும் பயந்துபோயி, ராத்திரி அந்த மூட்டைய எடுத்துப்போட்டேனுங்க."

"பழி போட ஒரு ஆள் வேணும்னுதானே காத்தானைக் கூப்பிட்டீங்க? ஆனா அவர் ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் தேய்ப்பாருன்னு உங்களுக்குத் தெரியலை. கரையில நின்னு பாத்துட்டு எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டீங்க. ஒரு நாள் முன்னாடியே கூப்பிட்டிருந்தா, பாவம், காத்தானே உங்களுக்கு எதிரான சாட்சியைத் தேச்சுக் கழுவியிருப்பாரு!"

காலை 8.15.

எருமப்பட்டிக்குப் போன் போனது. மோட்டார் ஏரிக்கரையில் பத்திரமாக இருந்தது. வண்டியில் ஏற்றிவிட்டதாக உள்ளூர் போலீஸ் சொன்னது. அதிகாரிகள் சோதனையை மாலைக்குத் தள்ளிவைத்தார்கள். இத்தனை நேரம் காத்தானை வைதுகொண்டிருந்தவர்களில் ஒருவர், "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். இப்படி ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார், என்ன செய்வது?

மஞ்சுளா படகைப் பல கோணங்களில் படம் எடுத்து முடித்துவிட்டு ஜீப்புக்கு நடந்தார். காத்தான் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தான்.

"ஏனுங்க, அந்தச் சான்று... நான் எப்ப வரட்டுமுங்க?"

"இப்பவே. ஸ்டேஷன்ல என் முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க. ஏறுங்க."

காத்தான் ஜீப்பின் பின்கதவுக்குப் போனான்.

"அங்க இல்லை. அது செயலாளருக்கு," என்றார் மஞ்சுளா. "நீங்க முன்னாடி உக்காருங்க."

மாரக்காள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. ஊர் பார்க்க, காத்தான் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.