மீதி மரம்

2025 செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். ஒலிப்பதிவை எழுத்தில் இறக்கும் முன் முழுவதையும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று விரிவுரையாளர் முதல் வகுப்பிலேயே சொன்னார். நானும் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். ஆனால் வகுப்புக்கு நேரமாகிறதென்று, கேட்கக் கேட்கவே எழுதத் தொடங்கிவிட்டேன். இதனால் பெரிய கெடுதல் வராது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நாளை: கேசட்டில் மீதியைக் கேட்க வேண்டும்.

*

எந்த நாளின் குறிப்பையும் மறுநாள் வேலையைச் சொல்லித்தான் லோகேஸ்வரி முடிப்பாள். அது அவளுக்கு ஒரு பிடிமானம். பகலில் சுங்கைப்பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை, மாலையில் கல்லூரி. டிப்ளோமா கைக்கு வந்தால் ரப்பர் நெடியடிக்கும் கீழ்த்தளத்தை விட்டு மாடியிலிருக்கும் அலுவலகத்துக்கு ஏறிவிடலாம். அதற்கு இந்தப் பருவத்தில் ஓர் ஒப்படைப்புதான் பாக்கி. கல்லூரி நூலகத்தில் இருக்கும் வாய்மொழி வரலாற்றுக் கேசட்டுகளில் ஒன்றை இரவல் வாங்கி, சொல்லுக்குச் சொல் எழுதித் தர வேண்டும். முப்பது வருடங்களுக்கு முன்பு மாணவர்கள் சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டங்களில் சுற்றிப் பதிந்து வந்தவை அவை. அவள் எடுத்தது, பாலத்தடித் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய பாப்பம்மா என்கிற கிழவியின் பேச்சு.

செவ்வாய்க்கிழமை நூலகத்தின் பின்பக்கக் கண்ணாடி அறையில் அதைக் கேட்க உட்கார்ந்தபோது குளிர்சாதனத்தின் முனகலும் பழைய காகித வாசனையும் தவிர அங்கே வேறெதுவும் இல்லை. காதில் மாட்டிய ஹெட்போனுக்குள் ஒரு சேவல் கூவியது. தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். பதிவு செய்யும் மாணவனின் கூச்சமான குரல், இருட்டில் ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கூப்பிட்டுக்கொள்வீர்கள் என்று கேட்டது. பாப்பம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு கூவிக் காட்டினாள். நீண்டு, மேலே ஏறி, உச்சியில் சட்டென்று அறுந்துபோன ஒரு கூவல்.

அதை எப்படி எழுதுவது? லோகேஸ்வரி கேசட்டை நிறுத்தினாள். 'கூ' என்று தொடங்குகிறதா, 'ஊ' என்றா? முடிவில் உதடு மூடுகிறதா? வாயால் செய்து பார்த்தால்தான் தெரியும். மெதுவாகக் கூவிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. பிறகு, பதிவில் கேட்ட அதே உயரத்தில், முழுதாக.

கண்ணாடிக் கதவு திறந்தது. நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷாரன் தலையை நீட்டினாள்.

“ஏய் லோகேஸ், உள்ள என்னா குயிலு வளக்கிறியா? இது லைப்ரரி லா!”

“சாரிக்கா. அசைன்மென்ட்டுக்குத்தான்.”

“நல்ல அசைன்மென்ட்டு போ. செத்தவனும் எழுந்து வந்துருவான்.”

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனாள். லோகேஸ்வரியும் சிரித்தாள். குனிந்து எழுதப் போனபோது, நிறுத்தி வைத்திருந்த கேசட்டின் சக்கரம் லேசாகச் சுழன்று நின்றதைப் போலிருந்தது. கண் களைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். கேசட்டையும் அதைக் கேட்கும் சின்னக் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள்.

மறுநாள் மாலை அதே அறையில் மீதியைக் கேட்டாள்.

“கூவு சும்மா இல்ல தம்பி,” என்றது பாப்பம்மாவின் குரல். “ஒடம்பு முடியாம நிரையில மரம் மிச்சமாயிட்டா கூவுவோம். பக்கத்து நிரைக்காரி பதிலுக்குக் கூவுனா, ஒம் மீதி மரம் எனக்குன்னு அர்த்தம். அவ மரத்த முடிச்சிட்டு வந்து நம்மளத வெட்டிக் குடுத்துடணும். அதான் மொற.”

'நிரை: ஒருவருக்கு ஒதுக்கிய மர வரிசை' என்று லோகேஸ்வரி ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

“பதில் குடுத்துட்டு வராம இருந்துட்டா?” என்றான் மாணவன்.

“வராமயா? போயிக் கையப் புடிச்சிக் கூட்டியாந்துற மாட்டேன்?” சிரிப்பு. இருமல். “நான் கடசியா நின்ன நிரை இன்னும் அப்படியேதான் கெடக்கு தம்பி. அன்னைக்குக் கூவிக் கூவிப் பாத்தேன். ஒருத்தியும் பதில் குடுக்கல.”

பேச்சு நின்றது. சேவல் இல்லை. பாத்திரச் சத்தமும் இல்லை.

“இப்பக் குடுத்தா பாரு. பொம்பளப் புள்ள. கேட்டுச்சா?”

“இல்லையேம்மா.”

“ரெண்டு வாட்டி குடுத்தா. மொதல்ல மெதுவா. அப்பறம் நல்லா.”

லோகேஸ்வரி கருவியை அணைத்தாள்.

இது யாரோ செய்த வேலை. அப்படித்தான் இருக்க வேண்டும். வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் சசிதரன் எல்லாருடைய குரலிலும் பேசுவான். கிழவி குரல் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நேற்று இடைவேளையில் கருவி அவளுடைய மேசையில்தான் தனியாகக் கிடந்தது.

“சசி, இது ஒன் வேலதானே?” என்று வகுப்பில் அவனைப் பிடித்துக் கேட்டாள்.

“எது?”

“கேசட்டுல பேசுனது.”

“அடப் போ லா. எனக்குக் கேசட்ட எந்தப் பக்கம் சொருகறதுன்னே தெரியாது. சின்ன வயசுல எங்கப்பா ஓட்டுற காடி ரேடியோவுல ஓட்டையா இருக்கேன்னு பிஸ்கட்ட உட்டேன். இன்னைக்கும் அதச் சொல்லித்தான் திட்டுறாரு.”

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குவதைப் போலவும் இருந்தது, ஒன்றும் புரியாமல் விழிப்பதைப் போலவும் இருந்தது. வகுப்பு முடிந்ததும், இதன்மேல் யாராவது புதிதாகப் பதிந்திருக்க முடியுமா என்று ஷாரனிடம் போய்க் கேட்டாள். ஷாரன் கேசட்டைத் திருப்பி அதன் விளிம்பைக் காட்டினாள்.

“இந்த மூலையில ஒடச்சிருக்கு பாத்தியா? இப்படி ஒடச்சிட்டா அது மேல பதிய முடியாது. பழசு அழிஞ்சிடக் கூடாதுன்னு அப்பவே செஞ்சிருக்காங்க. வேணும்னா வேற கேசட்டு எடுத்துக்கோயேன்.”

“ஏன்க்கா, இதுக்கென்ன?”

“ஒண்ணுமில்ல லா. எடுக்கிறவங்க யாரும் முழுசாக் கேக்கறதில்ல. அந்தக் கூவு வந்ததும் நிறுத்திட்டுக் கொண்டாந்து குடுத்திடறாங்க. போர் அடிக்கும் போல.”

ஏன் அதை முதலிலேயே சொல்லவில்லை? சொல்லும்போது ஏன் கணினித் திரையையே பார்த்தாள்? லோகேஸ்வரி இந்தக் கேள்விகளோடு மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வீடு வந்தாள்.

தாமான் குடியிருப்பின் கடைசி வீடு அவர்களுடையது. பின்பக்கம் ஒரு கால்வாய், அதைத் தாண்டினால் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம். முன்பு அங்கே நின்ற ரப்பர் மரங்களை அடியோடு சாய்த்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா நவமணி முன்கூரையின் கீழ் நின்றிருந்தாள். நிற்பது என்றால் இடுப்பிலிருந்து மடங்கி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. வாலிபம் முழுக்கப் பால் வாளி சுமந்த உடம்பு அதற்குமேல் நிமிராது. இன்னொரு கையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். பழுப்பும் சாம்பலுமாகப் புள்ளி போட்ட ஒரு கொட்டை.

“ரப்பர் கொட்ட,” என்றாள். “கூரை மேல விழுந்துச்சு. இங்க ஏது மரம்?”

“காக்கா போட்டிருக்கும்மா.”

அம்மா மகளின் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டு போனாள். “ஒட்டுப்பால் நாத்தம்.”

“பேக்டரி நாத்தம்மா.”

“பேக்டரி நாத்தம் எனக்குத் தெரியாதா? இது மரத்துல காஞ்ச பாலு.”

அன்று படுக்கப் போகும்போது கூரையில் இன்னொன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. எங்கோ உயரத்தில் காய் வெடிக்கும் சத்தம், ஒரு கணம் மௌனம், பின்பு தகரத்தில் உருண்டு ஓடும் சத்தம். அந்த உயரத்துக்கு அங்கே எந்த மரமும் இல்லை. அவள் போர்வைக்குள் கைகளை முகர்ந்து பார்த்தாள். அழுகிய, புளித்த வாடை. சோப்புப் போட்டுத்தான் கழுவியிருந்தாள். கழுவினாள்தானே?

வியாழன் காலை அவளுடைய காலணிகள் குழாயடியில் ஈரமாகக் கவிழ்ந்து கிடந்தன.

“ஏம்மா கழுவுன?”

“சேறா இருந்துச்சு.”

“நான் எங்கயும் போகலையே.”

அம்மா காலணிகளை வெயிலுக்கு நகர்த்தி வைத்தாள். மகளின் கண்ணைப் பார்க்கவில்லை. இரும்புக் கதவின் சாவி எப்போதும் தொங்கும் ஆணியில் இல்லை; அம்மாவின் கைலி மடிப்பில் அது துருத்திக்கொண்டு தெரிந்தது. லோகேஸ்வரிக்கு முதல்முறையாக அம்மாவின் மேல் சந்தேகம் வந்தது. பைக்குள் இருந்த கருவியை அம்மா எடுத்துக் கேட்டிருப்பாளா? கொட்டைகளை அம்மாவே எங்கிருந்தாவது கொண்டுவந்து போடுகிறாளா? காலணியைச் சேறாக்கியதும் கழுவியதும் ஒரே கைதானா? பெற்ற தாயைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வெட்கப்பட்டாள். ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

“அந்தக் கேசட்டுல கூவுறாங்களா?” என்றாள் அம்மா திடீரென்று.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“தூக்கத்துல நீ கூவுற. சொல்லு. பதில் குடுத்தியா?”

“எழுதறதுக்காகக் கூவிப் பாத்தேன். அவ்வளவுதான்.”

அம்மா சுவரைப் பிடித்தபடியே மெல்லக் கீழே உட்கார்ந்தாள். “ஒங் கையில பால்வெட்டுக் கத்தி ஏறக் கூடாதுன்னுதான் நான் இந்த இடுப்ப ஒடச்சிக்கிட்டேன். பால் புடிக்கிற மங்கத் தொடைக்கக்கூட ஒன்னக் கூட்டிட்டுப் போனதில்ல. மத்தவ எல்லாம் புள்ளைங்கள எழுப்பி இழுத்துக்கிட்டுப் போனா. நான் போகல.”

“ம்மா, அது பழைய கேசட்டும்மா.”

“நேத்தும் இன்னைக்கும் விடியறதுக்கு முந்தி நீ எங்க போயிட்டு வந்த, லோகா?”

எங்கும் போகவில்லை. தூங்கினாள். படுத்தது நினைவிருக்கிறது, எழுந்ததும் நினைவிருக்கிறது. நடுவில் இருந்தது தூக்கம்தான். அவள் விரல்களைப் பார்த்தாள். நகக் கண்ணில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பிடித்து இழுத்தாள். நூலாக நீண்டது. அறுபடாமல்.

அன்று வேலை முடிந்ததும் நேராகக் கல்லூரிக்குப் போய்க் கேசட்டையும் கருவியையும் ஷாரனின் மேசையில் வைத்தாள்.

“அதுக்குள்ளயா? முழுசாக் கேட்டுட்டியா?”

“கேட்டுட்டேங்க்கா. எனக்கு வேற குடுங்க. நாளைக்கு லீவு, சனிக்கெழம வந்து எடுத்துக்கிறேன்.”

“கையில என்னா அது?”

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வகுப்புக்குப் போகவில்லை.

வீட்டை அடைந்தபோது பக்கத்து மலாய்க் கிராமத்துப் பள்ளிவாசலிலிருந்து அந்தி நேர மக்ரிப் தொழுகை அழைப்பு ஓய்ந்துகொண்டிருந்தது. கேசட் கையில் இல்லை என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. அம்மா அவளை உள்ளே இழுத்து, கதவைப் பூட்டி, சாவியை மறுபடியும் மடிப்பில் செருகிக்கொண்டாள். இருவரும் சமையற்கட்டில் நின்றார்கள். பின்பக்கக் கம்பி வழியே செம்பனையின் இருட்டு தெரிந்தது. தவளைகள் கத்தின. தண்ணீர் தேங்கிய கால்வாயின் வாடை. அதோடு கலந்து இன்னொரு வாடை.

தவளைகள் நின்றன.

கூவல்.

நீண்டு. மேலே ஏறி. அறுந்து.

கேசட்டிலிருந்து இல்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து. அம்மாவின் உள்ளங்கை அவள் வாயை அழுத்தி மூடியது. சொரசொரப்பான, காய்த்துப்போன கை. அதன் கீழே லோகேஸ்வரியின் தொண்டை தானாக அசைந்தது. அவள் அசைக்கவில்லை. அடியிலிருந்து ஏதோ ஏறி வந்தது.

மறுபடியும் கூவல். கால்வாய்க்கு இந்தப் பக்கம்.

உதடுகள் குவிந்தன. பற்களைக் கடித்தாள். முடியவில்லை. அம்மாவின் விரல்களுக்கு நடுவே மூச்சு 'ஊ' என்று கசிந்தது.

அம்மா கையை எடுத்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை இருட்டுக்குக் கொடுத்து, அவளே பதில் கூவினாள். மகள் ஒருநாளும் கேட்டிராத, இளமையான, பலமான கூவல்.

“அவள விட்ருங்க,” என்றாள். “மீதி மரம் எனக்கு.”

எதுவும் அசையவில்லை. பிறகு, கம்பிக்கு மிக அருகில், கேசட்டில் கேட்ட அதே செருமல்.

“ரெண்டு பேரா? நல்லதாப் போச்சு. மரம் நெறையக் கெடக்கு.”

அம்மாவின் முதுகில் ஏதோ முறிந்தது. ஒரு கணு. அடுத்த கணு. அவள் நிமிர்ந்தாள். சுவரைப் பிடிக்காமல். லோகேஸ்வரி தன் வாழ்நாளில் பார்த்திராத அளவுக்கு நேராக. அவள் முகத்தில் வலி இல்லை. எதுவும் இல்லை. மடிப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, அகலத் தள்ளி வைத்தாள். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சமையற்கட்டுக்குத் திரும்பி வந்தாள்.

“சீக்கிரம் படு லோகா. விடியறதுக்கு முந்தி எழுப்புவேன்.”

அம்மாவின் தோளுக்குப் பின்னால், கம்பி வழியே, கால்வாயைத் தாண்டி, மரமே இல்லாத இடங்களில், ஒரே வரிசையாக, இடுப்பு உயரத்தில் மங்குகள் தொங்கின. வெள்ளையாக. கவிழ்ந்து. கண்ணுக்கு எட்டிய வரை. லோகேஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவை ஒவ்வொன்றாக நிமிரத் தொடங்கின.

*

2025 செப்டம்பர் 4, வியாழன்

கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வகுப்புக்குப் போகவில்லை, அது தவறு. அம்மாவின் இடுப்பு நேராகிவிட்டது. கதவு திறந்தே இருக்கிறது.

நாளை: அம்மாவோடு போய் மங்கு துடைக்க வேண்டும்.