எச்சில் தொட்ட ஓவியம்

எச்சிலுக்கு அழுக்குதான் வரவேண்டும், வண்ணம் வரக்கூடாது. ஆனால் அவள் கையிலிருந்த பஞ்சின் நுனி வெளிர் சிவப்பாக இருந்தது.

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்பவர்களுக்கு இது பழகிய வழி. குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, படத்தின்மேல் மெதுவாக உருட்டுவார்கள். எந்த ரசாயனத்தையும்விட எச்சில் சாது. அருங்காட்சியகத்தின் பட்டறையில் பதினோரு வருடமாக அவள் செய்யும் வேலை இதுதான். கூட இருப்பவர்கள் அவளைப் பஞ்சக்கா என்றே கூப்பிடுவார்கள்.

சாய்வு மேசையில் இருந்தது இருநூறு வருடத்துப் படம். ஒரு வீட்டின் அறை. கட்டிலில் காய்ச்சலோடு ஒரு சிறுமி, பக்கத்தில் கையைப் பிசைந்தபடி தாய், ஜன்னலோரம் தலைகுனிந்த வைத்தியர். சிறுமியின் பாதத்திலிருந்துதான் சிவப்பு வந்திருந்தது.

துறைத் தலைவர் படத்தின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அசல்ல கட்டில் காலிம்மா. பொண்ணு செத்த வீட்டை வரைஞ்சிருக்காங்க. பார்க்கச் சகிக்காம எவனோ பின்னாடி ஒரு பிள்ளையைப் படுக்க வெச்சிருக்கான். ஒட்டுவேலை. எடுத்துடுங்க."

"இருந்துட்டுப் போகட்டுமே சார்?"

"நல்லா சொன்னீங்க போங்க," என்று சிரித்தபடி அவர் வெளியேறினார்.

அவளுக்கு மனசே வரவில்லை. வீட்டில் அவள் மகளும் காலையிலிருந்து காய்ச்சலில் படுத்திருக்கிறாள். கணவன் லீவு போட்டுவிட்டுக் கூட இருக்கிறான். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் கிளம்பலாம் என்று குச்சியை நாக்கில் வைத்தாள். கணுக்கால் கரைந்தது, முழங்கால் கரைந்தது, கீழே பழைய விரிப்பின் வெறும் மடிப்புகள் வெளிவந்தன. எண்ணெயும் வார்னிஷும் மணக்கும் அந்த அறையில், வியர்த்த பிள்ளையின் கழுத்து வாசனை லேசாக அடித்தது. வாயில் உப்புக் கரித்தது.

மூன்று மணிக்குக் கணவன் போனில் கூப்பிட்டான்.

"காய்ச்சல் விட்டுடுச்சு. ஆனா கால் மரத்துப்போச்சுங்கிறா. கிள்ளினாக்கூடத் தெரியலையாம்."

"எப்பலேர்ந்து?"

"மத்தியானத்துலேர்ந்து. மொதல்ல பாதம்னா. இப்ப முட்டி வரைக்கும்ங்கிறா."

அவள் குச்சியைக் கீழே போட்டாள். பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். படத்துச் சிறுமியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். யாரோ ஒரு பிள்ளை, மகளின் சாயல் கொஞ்சமும் இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

ஆனால் படத்தின் ஈரம் நிற்கவில்லை. தொடையைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, தானாகவே ஊர்ந்தது. காய்ந்த பஞ்சால் ஒற்றினாள். பஞ்சோடு படத்துச் சிறுமியின் விரல்கள் வந்தன. கையை உதறிக்கொண்டாள். போனில் மகளின் குரல் கேட்டது, மிக மெல்ல.

"அம்மா, என்னைத் துடைக்காதம்மா."

"இல்லடி கண்ணு. அம்மா தொடல. சத்தியமாத் தொடல."

ஊதிக் காயவைக்கக் குனிந்தாள். ஊதினாள். மறுபடி ஊதினாள். ஈரம் மார்பில் நின்றது.

நின்றேவிட்டது.

அவள் அழுதுவிட்டாள். அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் சிறுமியின் நெற்றியில் விழுந்தது.

துடைக்கவும் முடியாது. விடவும் முடியாது. நெற்றி போனது. கண்கள். வாய்.

"ஏய்," என்றான் கணவன் போனில். "இப்பத்தான் இங்க படுத்திருந்தா. போர்வை அப்படியே இருக்கு. இவ எங்க?"

படத்தில் கட்டில் காலியாக இருந்தது. சாய்வு மேசையின் விளிம்பிலிருந்து வெளிர் சிவப்பாக ஒரு துளி அவள் மடியில் விழுந்தது. சூடாக இருந்தது.