மாமரம் வாங்கிக்கொண்ட விசில்

ஆஸ்துமா மருந்தை உறிஞ்சும் நீலப் பம்பு கையில் கனக்கவில்லை. யாரித்சா அதைக் காதருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளே எதுவும் அசையவில்லை. வாயில் வைத்து அழுத்தினாள். வெறுங்காற்று சீறியது. நாக்கில் வழக்கமான மருந்துக் கசப்பு இல்லை. போன வாரம்தான் புதிதாக ஒன்று வாங்கியிருந்தாள்.

சஹாராவின் தூசி கடல் தாண்டி வந்து போன்சே என்ற தீவு நகரத்தின் மேல் கவிந்திருந்தது. மாலை வெயில் அழுக்கு மஞ்சளாக ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டு ஜெனரேட்டரின் டீசல் புகையும் வாழைக்காய் பொரித்த எண்ணெயின் வாடையும் திரைச்சீலை வழியே நுழைந்து அறையிலேயே தங்கின. மதியமே மின்சாரம் போய்விட்டதால் மூலையிலிருந்த மருந்துப் புகை இயந்திரம் வெறும் பெட்டியாகக் கிடந்தது. இத்தனைக்கும் நடுவில் அவள் நெஞ்சிலிருந்து ஒரு மெல்லிய விசில். அந்தி சாய்ந்தால் மரங்களில் விசிலடிக்கும் கட்டைவிரல் அளவுத் தவளையின் பெயரையே தெரு அவளுக்கு வைத்திருந்தது: கோகீ.

"எஃப்ராயின், புதுப் பம்பு எங்க?"

"கையிலதானே இருக்கு, தங்கம்?"

"இது பழசு. நான் குப்பையில போட்டது."

கணவன் கிண்ணத்தோடு வந்தான். "முதல்ல சூப்பைக் குடி. கல்யாணமான நாள்லேர்ந்து என்னைவிட அந்தப் பம்புக்குத்தான் நீ அதிகமா முத்தம் குடுத்திருக்கே."

கோழி சூப் என்றுதான் சில நாளாகக் கொடுக்கிறான். ஒரு எலும்பையும் அவள் பார்த்ததில்லை. சேற்று வாடை அடித்தது.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி தோன்யா ஃபெலீசாவின் குரல் வந்தது. "ஏம்ப்பா, கோகீ இன்னும் கத்துதா?"

"கத்துது தோன்யா!"

"அவகிட்ட வாயை விட்டுடாதே! தெரிஞ்சா பலிக்காது!"

யாரித்சாவின் கை தானாகப் பிடரிக்குப் போனது. காலையில் தலை வாரும்போது அங்கே ஒரு கொத்து முடி குட்டையாகக் குத்தியது. ஜன்னலுக்கு வெளியே மாமரம். அதன் பொந்து ஈரக் களிமண்ணால் பூசப்பட்டிருந்தது. மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த முடி காற்றில் ஆடியது.

"என்ன... பண்ணினே?"

அவன் மண்டியிட்டான். கண் கலங்கியிருந்தது. "உனக்குத் தெரியக் கூடாதுடி. தோன்யா பேரனுக்கு இப்படித்தான் இழுப்பு விட்டுச்சாம். முடியும் பம்பும் மரத்துக்குள்ள, சூப்பு உன் வயித்துக்குள்ள. மண்ணு காயற வரைக்கும் நீ அதைத் தொடக் கூடாது. உன் அக்காவுக்கும் தெரியும்."

அக்கா காலையில் போன் செய்திருந்தாள். அடம் பிடிக்காமல் சூப்பைக் குடி என்று சொல்லிச் சிரித்தாள்.

"ஆஸ்... பத்திரி."

"போனா திரும்பப் பம்பைத்தான் குடுப்பாங்க. கொஞ்சம் பொறுத்துக்க, கண்ணு."

அவன் சட்டைப் பையில் அவளுடைய போன். கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

தோள்கள் ஏறின. இறங்கவில்லை. தொண்டைக்குழி உள்ளே இழுத்தது. விலா எலும்புகளின் நடுவே தோல் பள்ளமானது. உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. புதுக் காற்றுக்கு இடமில்லை. நகங்களைப் பார்த்தாள். பம்பின் நிறம்.

விசில் நின்றது.

டாக்டர் சொல்லியிருந்தார்: விசில் கேட்கும் வரை கொஞ்சமாவது காற்று போகிறது, மூச்சு முட்டும்போது அது நின்றால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். அன்று எஃப்ராயின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். தலையாட்டினான்.

இப்போது அவள் நெஞ்சில் காதை வைத்தான். கேட்டான். முகம் மலர்ந்தது.

"தோன்யா! நின்னு போச்சு! கோகீ நின்னு போச்சு!"

வேலிக்கு அப்பால் கைதட்டல். ஜெபம்.

அவன் அழுதுகொண்டே அவளைக் கட்டிக்கொண்டான். இறுக்கமாக. அவள் உதடு அசைந்தது. சத்தமில்லை. அவன் முதுகைத் தட்டினாள். அவனும் தட்டிக்கொடுத்தான்.

அவன் தோளுக்கு மேலே ஜன்னல். மஞ்சள் இருட்டு. மரம்.

ஈரக் களிமண்ணுக்குப் பின்னாலிருந்து, மெல்லியதாக, அவளுடைய விசில் கேட்கத் தொடங்கியது.