அலை ஏறாத ஆள்

அந்த ஆள் ஒரு அலையில்கூட ஏறவில்லை. அதைக் கவனித்தபோது நர்ஸம்மாவுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான்.

அவளும் கணவரும் போகத் திட்டமிட்டிருந்த, அதுவரை போயிராத கடற்கரை அது. தங்கும் விடுதிக்காரி அங்கே கம்பத்தில் மாட்டியிருக்கும் கேமராவின் இணைப்பை அனுப்பியிருந்தாள். அலைச்சறுக்குக்கு வருகிறவர்கள் வீட்டில் இருந்தபடியே தண்ணீரின் போக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். நர்ஸம்மாவும் மடிக்கணினியைத் திறந்துவைத்து நாலைந்து நாளாகப் பார்க்கிறாள். நீளமாக, அவசரமில்லாமல், வயசான முட்டிக்கென்றே அளவெடுத்த மாதிரி அலைகள். அலை உடைகிற இடத்துக்கு அப்பால், கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பலகைமேல் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். பிடித்துவைத்த பிள்ளையார் கெட்டார். அலை அவனைத் தூக்குகிறது, இறக்குகிறது, போய்விடுகிறது. காலையில் பார்த்தாலும் அவன்தான், மாலையில் பார்த்தாலும் அவன்தான்.

'உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறதுக்கா போனான்? நான் இங்கே ஒரு அலைக்குத் தவியாய்த் தவிக்கிறேன்' என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தவிப்புக்குக் காரணம் இருந்தது. காலமெல்லாம் வார்டில் நின்றே தேய்ந்த முட்டி அது. ஓய்வுபெற்ற பிறகு அலைச்சறுக்குப் பழகப் போனபோது அக்கம்பக்கம் வாய்விட்டுச் சிரித்தது. அவள் சட்டை செய்யவில்லை. இப்போதோ டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார்: இந்த வருஷத்தோடு சரி, அடுத்தது அறுவை சிகிச்சை, பிறகு பலகைமேல் ஏறும் பேச்சே கூடாது. ஆக, போனால் இந்தமுறைதான். ஆனால் ஒருதடவை கணவருக்குப் பல்வலி, இன்னொரு தடவை மகள் வீடு மாற்றினாள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீரில் கால்கூட வைக்கமாட்டார். அவருக்கென்று ஒரே வேலை, கரையில் நின்று மஞ்சள் துண்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிப்பது. நீரோட்டம் ஆளைப் பக்கவாட்டில் இழுத்துவிடும், தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தால் கரை முழுக்க ஒரே மாதிரி இருக்கும். துண்டு எங்கேயோ அங்கேதான் கரையேற வேண்டும். துண்டைத் தூக்கினால் வந்துவிடவேண்டும், அதில் பேச்சே கிடையாது. அது பயிற்சியாளர் போட்ட சட்டம். அந்த வேலையை அவர் ஒழுங்காகச் செய்வார். மற்றதில் ஆமை. படுக்கை மெத்தையா, பஸ் எத்தனை மணிக்கு, பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டா என்று ஆயிரம் கேள்வி.

அன்று சாயங்காலமும் அதே பாட்டு. "கடல் எங்க ஓடியா போகுது? மெதுவாப் போலாம்மா."

"கடல் ஓடாதுங்க. என் முட்டி ஓடிடும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, மருந்துக்கடைக்கென்று கிளம்பிப் போனார்.

ஆத்திரத்தை யாரிடமாவது கொட்டவேண்டியிருந்தது. விடுதிக்காரிக்குப் போன் போட்டு, யார் அந்த ஆள், அலையை விட்டுவிட்டு என்ன செய்கிறான் என்று கேட்டாள். இந்த மாதத்தில் ஒருத்தரும் தண்ணீரில் இறங்குவதில்லை என்றாள் விடுதிக்காரி. வாசலுக்கு வந்தே பார்த்தாள். திரையின் ஓரத்தில், காதில் போனோடு அவள் வந்து நின்றது நர்ஸம்மாவுக்குத் தெரிந்தது. புருவத்துக்கு மேல் கையை வைத்து, அவனிருந்த திசையைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கு நேர் எதிர்ல, பாருங்க."

"கடல் காலியாக் கெடக்கும்மா" என்றாள் அவள். பைத்தியத்திடம் பேசுகிற பொறுமை அந்தக் குரலில் இருந்தது. போனை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

யாருமே தன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்ற கோபம் நர்ஸம்மாவுக்குத் தலைக்கேறியது. நாற்காலிமேல் காய்ந்துகிடந்த மஞ்சள் துண்டை எடுத்தாள். திரைக்கு முன்னால் நின்று, கணவர் நிற்கிற மாதிரியே இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். "போதும், வந்து தொலை" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது.

அவன் தலை திரும்பியது.

தற்செயல்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பலகையும் திரும்பியது, அவன் குப்புறப் படுத்தான், ஒரு கையை மாற்றி ஒரு கையாகத் துழாவினான், பின்னால் எழுந்த அலையில் சாவகாசமாக எழுந்து நின்று, எங்கும் வளையாமல், கேமரா இருந்த திசைக்கே நேராக வந்தான். ஆழம் குறைந்த இடத்திலும் வேகம் குறையவில்லை. மணலிலும் குறையவில்லை. திரை முழுக்க ஈரமான ஏதோ ஒன்று அடைத்தது. பிறகு விலகியது. கடல் காலியாகக் கிடந்தது.

அவள் துண்டை இறக்கினாள். கனத்தது. மதியம் மொரமொரவென்று காய்ந்திருந்த துண்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டியது. அறை முழுக்க அழுகிய கடற்பாசியின் வாடை. கீழே போட்டாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பால்கனிப் பக்கம் சத்தம். வழவழப்பான சுவரில் ஈரக் கை வைத்து, எடுத்து, மறுபடி வைக்கிற சத்தம். கீழேயிருந்து மேலே. அவர்கள் இருந்தது ஏழாவது மாடி.

நர்ஸம்மா அசையவில்லை. எத்தனையோ சாவைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். இது வேறு.

சத்தம் நின்றது.

சாவி திரும்பியது. கணவர். விளக்குப் போடாமல் ஏன் இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். மருந்துப்பையோடு இன்னொரு காகித உறையும் அவர் கையில் இருந்தது. அதை மேசைமேல் வைத்தார்.

"டிக்கெட் போட்டாச்சு. அடுத்த வாரம். இப்பவாவது மூஞ்சி தூக்காம இருப்பியா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் தரையில் கிடந்த துண்டைப் பார்த்துவிட்டார். ஈரத்தை இப்படிப் போட்டுவைத்தால் நாறாமல் என்ன செய்யும் என்று முணுமுணுத்தபடி எடுத்து, பிழிந்து, பால்கனிக்கு நடந்தார். அங்கே கொடி உயரத்தில் கட்டியிருந்தது.

"தூக்காதீங்க." குரல் எழும்பவில்லை.

தூக்கிவிட்டார். இரண்டு கையாலும், விரித்து. அவருக்கு முன்னால் துண்டு. துண்டுக்கு அப்பால் கம்பித் தடுப்பு. அதற்கப்பால் வெறும் ஆகாயம்.

துண்டின் மேல்விளிம்பில், அவர் கைகளுக்கு நடுவே, அந்தப் பக்கத்திலிருந்து விரல்கள் வந்து படிந்தன. வெளுத்து, ஊறி, தோல் சுருங்கிய பத்து விரல்கள். மடங்கின. துண்டைப் பற்றின.

"இழுக்காதம்மா, நானே போட்டுக்கறேன்" என்றார் அவர், துண்டைப் பார்த்தபடி. நர்ஸம்மா அவருக்குப் பின்னால், அறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.