இஞ்சி மணக்கும் திருடன்

"ஐயோ... திருடன்! திருடன்!"

பாளையங்கோட்டையில் காலை எட்டு மணிக்கு எழுந்த அந்த அலறலில் தெரு நாய்கூட எழுந்து உட்கார்ந்தது.

அலறியவர் நாறும்பூநாதன். ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். ஊரில் எந்தப் போர் எந்த வருஷம் என்று யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்பவர்.

நேற்று அவர் மகள் அனுராதாவுக்குக் கல்யாணம். இன்று மறுவீடு. பகல் பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணோடு, தேங்காய்ப்பாலில் செய்யும் சொதிச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள்.

போனது என்ன தெரியுமா?

இன்று அனுராதாவின் கழுத்தில் ஏற வேண்டிய எட்டுப் பவுன் அட்டிகை!

எஸ்.ஐ. கெசியா வந்து சேரும்போது மணி பதினொன்று. சமையல்காரர் சங்கிலிபூதத்தானைச் சுற்றி நாலு மாமன்கள் காவல் நின்றார்கள்.

"இவந்தாம்மா! ஜீப்புல ஏத்துங்க!" என்றார் நாறும்பூநாதன்.

"பாத்தீங்களா சார்?"

"கண்ணால பாத்தேன்! கட்டில்ல அசந்து கெடந்தேன். முழிச்சா பீரோ பக்கத்துல நிக்கான். சுருட்ட முடி. முறுக்கு மீசை. குப்புனு இஞ்சி வாசம்! சொதிக்கு இஞ்சிப் பச்சடி வைக்கது யாரு? இவந்தான?"

சங்கிலிபூதத்தானுக்குச் சுருட்டை முடி. முறுக்கு மீசை. விரலெல்லாம் இஞ்சி!

"அண்ணாச்சி... ஒங்க கல்யாணத்துக்கே எங்கப்பாதான் சமைச்சாரு. திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிட்டா, நாளைக்கு எவன் என்னைய அடுப்பங்கரைக்குள்ள விடுவான்?"

அவர் குரல் உடைந்தது. அழுகையா, ஆத்திரமா? இரண்டும்தான்.

கெசியா திரும்பினார். "இஞ்சி எப்போம்மா வந்துச்சு?"

நாறும்பூநாதனின் மனைவி பார்வதியம்மாள் யோசித்தார்.

"வாங்க மறந்துட்டோம்மா. ஒன்பதரைக்கு நாந்தான் கடையில போய் வாங்கியாந்தேன்."

"திருட்டு எட்டு மணிக்கு. வீட்டுல இல்லாத இஞ்சி எப்படி மணந்துச்சு?"

"மணந்துச்சும்மா! என் ஞாபகம் தப்பாது!"

"இதப் பத்தி யார்ட்டயாவது சொன்னீங்களா?"

"குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஏழு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கேன்!"

"யார் கேட்டீங்க?"

மாமன்கள் நால்வரும் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்கள்.

"இவுக மெசேஜ் ஒவ்வொண்ணும் ஆறு நிமிசம்மா," என்றார் பார்வதியம்மாள். "யாரு கேப்பா?"

கெசியா ஏழாவது மெசேஜைத் தட்டினார். சுருட்டை முடி, முறுக்கு மீசை, இஞ்சி.

ஐந்தாவது... மணி 9.50. "லேசா இஞ்சி வாசம் வந்த மாதிரி..." மீசை இருந்தது. முறுக்கு இல்லை!

மூன்றாவது... மணி 8.40. மீசையே இல்லை!

"ஞாபகம் ஃபோட்டோ இல்ல சார்," என்றார் கெசியா. "ஒவ்வொரு தடவை வெளிய எடுக்கும்போதும் மூளை அதத் திருத்தி உள்ள வைக்கும். ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க. பூண்டுன்னு வெறும் எழுத்த வாசிச்சாலே மூளையில வாசனைக்குண்டான எடம் முழிச்சிக்கிடுதாம். நீங்க அடுப்பங்கரைப் பக்கம் போய் நின்னுட்டு வந்து, எட்டு மணித் திருடனுக்கு இஞ்சியத் தடவிட்டீங்க."

"அப்போ நான் பொய்யா சொல்லுதேன்?"

"இல்ல. முழுசா நம்பிச் சொல்லுதீங்க. அதான் ஆபத்து."

முதல் மெசேஜ். மணி 8.10.

"...தடியன்! வழுக்கை! தொப்பை வேற! தோள்ல பச்சைத் துண்டு. நான் 'ஏலே'ன்னு கையத் தூக்குனேன்... அந்தப் பயலும் கையத் தூக்குதான்! எவ்வளவு திமிரு பாருங்க!"

கெசியாவின் புருவம் உயர்ந்தது.

"தூங்கும்போது மூக்குக் கண்ணாடி?"

"கழத்தி மேசையில வச்சிருந்தேன்."

"பீரோவக் காட்டுங்க."

அறைக்குள் போனார்கள். பீரோவின் கதவில் ஆளுயர நிலைக்கண்ணாடி!

"மூக்குக் கண்ணாடியக் கழத்துங்க. கையத் தூக்குங்க சார்."

தூக்கினார்.

எதிரே ஒரு தடியன். வழுக்கை. தொப்பை. தோளில் பச்சைத் துண்டு. அவனும் கையைத் தூக்கினான்.

"அப்போ... அட்டிகை?" என்றார் நாறும்பூநாதன் ஈனஸ்வரத்தில்.

கெசியாவின் கண் அவர் வேட்டி முனையில் முடிந்திருந்த சில்லறைக் காசில் நின்றது. "காலையில கட்டியிருந்த வேட்டி எங்க?"

"சோப்புத் தண்ணியில ஊறுது..." அவர் சொல்லி முடிப்பதற்குள் பார்வதியம்மாள் குளியலறைக்கு ஓடினார். வாளிக்குள் கையை விட்டார். வேட்டி முனையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால்... எட்டுப் பவுனும் நுரையோடு மின்னியது!

"கல்யாண வீடு, ஆளும் பேருமா இருக்கு, பத்திரமா இருக்கட்டும்னு தூக்கக் கலக்கத்துல எடுத்து வேட்டியில முடிஞ்சிருக்கீங்க," என்றார் கெசியா. "ஆயுசு பூரா உள்ள பழக்கம். கை அது பாட்டுக்கு முடிஞ்சிரும். மூளை கண்டுக்காது. நிமிந்தீங்க... திருடன் எதுக்க நின்னுட்டான்!"

பார்வதியம்மாள் கணவரைப் பார்த்த பார்வையில் வாளித் தண்ணீர் கொதித்திருக்கும். மாமன்கள் பைய நழுவினார்கள்.

நாறும்பூநாதன் சமையல்காரரிடம் வந்தார். "லே சங்கிலி... தப்புதாம்லே. மன்னிச்சிரு."

"பிள்ளைக்காக நிக்கேன் அண்ணாச்சி. ஒங்களுக்காக இல்ல."

பன்னிரண்டரை. முதல் பந்தி. அனுராதாவின் கழுத்தில் அட்டிகை. சம்பந்திகள் சொதியை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டார்கள்.

நாறும்பூநாதன் இலையில் வெறும் சோறு. சங்கிலிபூதத்தான் சொதி வாளியோடு அவரை நாலு முறை தாண்டிப் போய்விட்டார்.

"லே... எனக்கு இன்னும் சொதி ஊத்தலியே!"

சங்கிலிபூதத்தான் நின்றார். முகத்தில் அப்படியொரு ஆச்சரியம்!

"என்ன அண்ணாச்சி இப்பிடிச் சொல்லுதிய? மூணு தடவ வாங்கிக் குடிச்சியளே... என் கண்ணால பாத்தேம்லா!"