பின்னிருக்கையின் கனம்

விமானத்தின் வாலைத் தூக்க இரண்டு பேர் போதும். கிளம்புவதற்கு முன் மெக்கானிக்குகள் இருவர் குனிந்து வாலைத் தோளில் தாங்கி, மூக்கை ஓடுபாதைப் பக்கம் திருப்பிவிடுவார்கள். தினமும் நடப்பதுதான். அன்று விடியலில் பாலின்ட்டும் அவன் கூட்டாளியும் இரண்டு தரம் முக்கிப் பார்த்தார்கள். வால் புல்லைவிட்டு எழவில்லை.

"உள்ள எவனாவது உக்காந்திருக்கானா பாருப்பா," என்றான் பாலின்ட், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "ஆளோட சேத்துத் தூக்கற கனம் கனக்குது."

"ராத்திரி மழை பெஞ்சிருக்கும். மண்ணு இழுத்துப் பிடிக்குது," என்றான் விமானி ஆகோஷ்.

அந்த 1919 ஜூலையில் புடாபெஸ்ட்டைச் சுற்றி ஒரு பொட்டு மழை விழவில்லை. புல் காய்ந்து சருகாகக் கிடந்தது. பாலின்ட் அதைக் காலால் ஒரு எத்து எத்திவிட்டு, "முன்னாடி லெப்டினன்ட் சார் சொன்னா மழை. இப்ப தோழர் சொன்னாலும் மழைதான்," என்று முனகியபடி இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். நாலு பேர் சேர்ந்து திருப்பினார்கள்.

ஆகோஷின் பார்வை தன்னால் பின்னிருக்கைக்குப் போனது. காலியாகத்தான் இருந்தது.

மன்னராட்சி போய், குடியரசு வந்து, அதுவும் போய், வசந்தத்தில் செம்படை ஆட்சி வந்திருந்தது. இறக்கைகளில் இருந்த கறுப்புச் சிலுவைகள்மேல் சிவப்பு நட்சத்திரம் தீட்டியிருந்தார்கள். மட்டமான பெயின்ட், வெயில் ஏறினால் சிலுவை அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். பழைய அதிகாரிகள் பலர் விமானத்தோடு தெற்கே செகெட்டுக்கு, எதிர்த்தரப்பிடம் ஓடிப்போனார்கள். அதனால் ஒவ்வொரு விமானிக்கும் பின்னால் துப்பாக்கியோடு ஒரு தொழிலாளித் தோழர். விமானியின் மனைவி, மைதானக் கொட்டகையில் இறக்கைத் துணி தைக்க வேண்டும். புருஷன் திரும்பி வராவிட்டால் அவளைச் சுவரோரம் நிறுத்திச் சுடுவார்கள். கொட்டகையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அது தெரியும்.

ஆகோஷின் பின்னால் உட்கார்ந்தவர் ஹோர்னியாக், செப்பெல் ஆலையின் ஃபிட்டர். வலக்கையில் சுட்டுவிரலை லேத் தின்றிருந்தது. எந்நேரமும் வறுத்த பூசணி விதையைக் கொறித்துத் தோலைக் காலடியில் துப்புவார். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் தோளில் தட்டுவதுதான் பாஷை. ஒரு தட்டு வலப்பக்கம், இரண்டு இடப்பக்கம், மூன்று தட்டினால் திரும்பிப் போ. பெல்ட் மட்டும் போடவே மாட்டார். அதை அழகாக மடித்து முதுகுக்குப் பின்னால் செருகிவைப்பார்.

"பெல்ட்டைப் போட்டா துப்பாக்கிக்குக் கை போவாது தோழர். தப்பா நெனச்சுக்காதீங்க."

"சுட்டுவிரலே இல்ல, எதால சுடுவீங்க?"

"உங்களுக்கு நடுவிரலே ஜாஸ்தி," என்று சிரித்தார். நல்ல சிரிப்புதான், பாவம்.

போன வாரம் திசா ஆற்றின்மேல் ஆகோஷ் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டினான். ஹோர்னியாக் விழுந்தார். தரையிலிருந்து வந்த குண்டு பட்டு விழுந்துவிட்டார் என்று சொன்னான், நம்பினார்கள். பதில் ஆள் மத்தியான ரயிலில் வருகிறார். அதற்குள் அந்த இருக்கையில் மனைவி இல்காவை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். கொன்றது அந்த ஒரு இருக்கைக்காகத்தான்.

தோல் கோட்டு, குல்லாய், கண்ணாடி, வாயை மூடிய சால்வையுடன் ஆண் வேஷத்தில் இல்கா வந்தாள். பாலின்ட் ஏற இறங்கப் பார்த்தான்.

"புதுத் தோழர் வாயத் தொறக்க மாட்டாரோ?"

"பல்வலி," என்றான் ஆகோஷ்.

அவளை ஏற்றி, பெல்ட்டைத் தன் கையாலேயே பூட்டினான். கொக்கியை இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்தான்.

"இறுக்குதுங்க," என்று கிசுகிசுத்தாள்.

"இறுக்கட்டும். மேல என்ன நடந்தாலும் என்னைத் தொடாத. பயமா இருந்தா கண்ண மூடிக்க."

"காலுக்கடியில என்னவோ விதைத் தோலு நசநசங்குது."

"பழசா இருக்கும்."

"ஈரமா இருக்கே."

அந்த இருக்கைக் குழியை அவனே பெருக்கித் துடைத்திருந்தான். முன்னால் ஏறினான்.

விமானம் தரையை விட மனசில்லாமல் வெகுதூரம் ஓடியது. எழும்பிய பிறகும் வால் கீழே கீழே என்று இழுக்க, மூக்கைச் சமமாக வைக்க அவன் கைகள் கடுத்தன. இல்கா ஒரு குருவிக் கனம், அவளால் இந்தக் கனம் வராது என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்க, விளக்கெண்ணெய் எரியும் எஞ்சின் புகைக்கு நடுவே, முகத்தில் அறைகிற அவ்வளவு காற்றிலும் கலையாமல், பின்னாலிருந்து உப்புப் போட்டு வறுத்த பூசணி விதையின் வாசனை வந்தது.

கீழே திசா ஆறு தெரிந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது.

இல்காவாக இருக்கும். பயந்திருப்பாள். அப்படித்தான் நினைத்தான். ஆனால் அந்தக் கை தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று. இல்காவுக்கு இந்தத் தட்டு தெரியாது. கோட்டின் தோல்வழியே ஒவ்வொரு விரலும் பதிந்தது. கட்டைவிரல். அடுத்து ஒரு இடைவெளி. பிறகு மற்ற மூன்று.

பின்பக்கம் பார்க்க இறக்கைத் தாங்கியில் கட்டியிருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்தான். எண்ணெய் படிந்த கண்ணாடி. குல்லாய் தெரிந்தது. சால்வை தெரிந்தது. அது இல்காதான். அவள் தோளுக்குமேல் இன்னொரு குல்லாய்.

மூன்று தட்டு. இன்னும் பலமாக.

திரும்பினால் சுவர். அவளுக்கும் சுவர், அவனுக்கும் சுவர். பிடரியில் சில்லென்று ஏதோ பட்டது. வட்டமாக. இரும்பு.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கடவுளே கொடுத்த யோசனைபோல இருந்தது. இல்காவுக்கு பெல்ட் உண்டு. அவனே பூட்டியது. ஹோர்னியாக் பெல்ட் போடவே மாட்டார்.

புரட்டினால் அவர் மட்டும்தான் விழுவார்.

புரட்டினான். வானம் கீழே போயிற்று. ஆறு தலைக்குமேல் வந்தது. ஏதோ ஒன்று அவனை உரசிக்கொண்டு போயிற்று. ஒரு கத்தல். சின்னது. காற்று அதை விழுங்கிவிட்டது.

விமானத்தை நிமிர்த்தினான். தோளில் கை இல்லை. பிடரியில் இரும்பு இல்லை. அப்பாடா என்றிருந்தது. கண்ணாடியில் எண்ணெய் வழிந்து ஒன்றும் தெரியவில்லை. "முடிஞ்சது இல்கா, இனிமே பயமில்ல," என்று எஞ்சினின் இரைச்சலுக்குள் கத்தினான். வால் மட்டும் அதே கனத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

செகெட் மைதானத்தில் இறங்கினான். எஞ்சின் நின்றது. சிப்பாய்கள் சிரித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். இரண்டு பேர், வழக்கம்போல, விமானத்தைத் திருப்ப வால்பக்கம் குனிந்தார்கள்.

"இல்கா, வந்துட்டோம்."

திரும்பினான்.

இருக்கையில் யாரும் இல்லை. பெல்ட் அறுந்திருக்கவில்லை. கொக்கி கழன்று, பட்டை இரண்டாக மடிக்கப்பட்டு, முதுகுக்குப் பின்னால் அழகாகச் செருகியிருந்தது. ஓரத்தில் அவளுடைய சால்வை மாட்டிக்கொண்டு ஆடியது.

வால்பக்கம் சிப்பாய்கள் முக்கினார்கள். மறுபடியும் முக்கினார்கள்.

"என்ன சார் இந்தக் கனம்?" என்றான் ஒருவன் மூச்சுவாங்க. "பின்னாடி இருக்கறவரைக் கொஞ்சம் எறங்கச் சொல்லுங்க."

காலி இருக்கையிலிருந்து ஈரமான விதைத் தோல் ஒன்று காலடியில் விழுந்தது. பிறகு இன்னொன்று.