மூணு தபா கூப்டாச்சு

பின்ஜன்னல் இடுக்கில் ஒட்டியிருந்த தாளை உள்பக்கமிருந்து யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள். காலையில் உலகநாதன் தன் கையாலேயே, மயில்துத்தம் கலந்த கோதுமைப் பசை தடவி ஒட்டிய தாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மார்பு உயரத்தில் நாலு கோடுகள். எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். எலிக்கு அவ்வளவு உயரத்தில் என்ன வேலை?

பூந்தமல்லி டிரங்க் ரோட்டு வாசகசாலைக்கு முப்பது வருஷம் நூலகராக இருந்தவர். 1937இல் ஓய்வு கொடுத்தும் கமிட்டிக்காரர்களுக்கு அவரை விட மனசில்லை. வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்றார்கள். மற்ற நாளில் பைண்டிங் போடுவார், தபால்தலை ஒட்டுவார், ரோஜாப் பதியன் வைப்பார். அதெல்லாம் பேருக்குத்தான். மனுஷனுக்கு எழுத்துப் பித்து. பேனாவைத் தொட்டுவிட்டால் சோறு தண்ணி வேண்டாம்.

வருஷத்துக்கு ஒரு தரம், சித்திரையில், புத்தகத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சி சாக வாசகசாலைக்குக் கந்தகப் புகை போடுவார்கள். ஜன்னல் இடுக்கெல்லாம் தாள் ஒட்டி, கந்தகச் சட்டியை உள்ளே வைத்து, இரண்டு நாள் பூட்டிவிடுவார்கள். பூட்டுமுன் நூலகர் வாசலில் நின்று, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று மூன்று முறை கூப்பிட வேண்டும்.

போன வருஷம் அவர் கூப்பிடவில்லை.

ஆறு மாதமாகப் போக்குக் காட்டிய நாவலின் கடைசி அத்தியாயம் அன்றைக்கென்று பார்த்து மனசில் வந்து நின்றது. வீட்டுக்கு ஓடி எழுத வேண்டும், அவ்வளவுதான். “மூணு தபா கூப்டாச்சு. பூட்டு,” என்றார் சேவகன் துலுக்கானத்திடம்.

மூன்றாம் நாள் திறந்தால் பின்ஜன்னலடியில் வேம்புலி செத்துக் கிடக்கிறான். செங்கல் சூளை ஆள். நாற்பது வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவன், அவர் எழுதியதை உட்கார்ந்து கேட்கிற ஒரே ஜீவன். கடைசி அத்தியாயம் வந்ததா என்று கேட்கத்தான் காத்திருந்து, அலமாரிக்குப் பின்னால் பெஞ்சில் தூங்கிப்போயிருக்கிறான், பாவி. அவன் பெண்சாதி பொன்னியம்மா காலைப் பிடித்துக்கொண்டு கதறியபோதுகூட, “மூணு தபா கூப்பிட்டேனேம்மா,” என்றுதான் சொன்னார். அதற்கப்புறம் ஒரு வரி எழுத வரவில்லை. அந்தக் கடைசி அத்தியாயத்தை வீட்டில் வைத்திருக்கவும் தைரியமில்லை. இந்த வருஷம் ஜன்னல்களில் ஒட்டியது அதைத்தான்.

ஆகவே இன்றைக்குத் தொண்டை கிழியக் கூப்பிட்டார். உச்சிவெயில் முதுகில் சுட, பழைய தாளும் பசையும் வேப்பிலையும் கலந்த வாசனை உள்ளிருந்து முகத்தில் மோத, அவர் குரல் அலமாரி அலமாரியாகப் போய் எங்கோ கடைசியில் அடங்கியது. பல்லி ஒன்று உச்சுக்கொட்டியது. இரண்டாம் முறை கூப்பிட்டார். ஒன்றுமில்லை. மூன்றாம் முறை.

“கீறேன் அய்யா.”

“துலுக்கானம், கேட்டுதா?”

“இன்னாதுங்க அய்யா?” கிணற்றடியில் சட்டிக்கு நெருப்பு அள்ளிக்கொண்டிருந்தான் அவன்.

பிரமையாக இருக்கலாம். ஆனால் நிஜமாகவே ஓர் ஆள் உள்ளே இருந்துவிட்டால்? இன்னொரு உயிரையும் தலையில் ஏற்றிக்கொள்ள முடியுமா? உள்ளே போனார்.

தாள் ஒட்டிய ஜன்னல் இடுக்குகள் வெளிச்சத்தைக் கலங்கலாக வடிகட்ட, கண் பழகும்வரை அலமாரிகளைத் தடவித் தடவி நடந்து, கடைசி வரிசையைத் தாண்டினார். பெஞ்சு. காலி. மேலே செம்மண் தூள். கையை வைத்தார். பலகை வெதுவெதுப்பாக இருந்தது.

வாசலில் பேச்சுக் குரல்.

“அய்யா, கூப்டாச்சா? பூட்டிடட்டா?” துலுக்கானம்தான்.

யாரிடம் கேட்கிறான்?

கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. போகட்டும், இப்போது கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் எப்படியாவது பதில் கொடுத்துவிடலாம். மூன்று முறை இருக்கிறதே. ஒன்று போதும். ஐயோ, ஒரே ஒரு தடவை கூப்பிடுங்களேன்!

வாசலில் இன்னொரு குரல். அவசரக் குரல். முப்பது வருஷமாக அந்த வாசலில் கேட்ட குரல். அவருடைய குரல்.

“மூணு தபா கூப்டாச்சு. பூட்டு.”

சட்டி தரையில் உரசியது. கதவு. தாழ். பூட்டு.

ஓடினார். கதவருகே மஞ்சள் புகை. கண் எரிந்தது. குத்தினார். தேக்குக் கதவு அசையவில்லை. புகை நெருங்கியது. பின்வாங்கினார். இருமல். பின்ஜன்னல். கதவுகள் வெளியே தாழிட்டவை. காற்று வர இடுக்கு ஒன்றுதான். தாளைப் பிராண்டினார். பசை நன்றாகப் பிடித்திருந்தது. காலையில் பார்த்த நாலு கோடுகளில் அவர் விரல்கள் அளவெடுத்ததுபோல் பொருந்தின.

பக்கத்தில் இன்னொரு கை. வெடித்த விரல்கள், நகக்கண்ணில் செம்மண். அது சுரண்டவில்லை. அவர் எழுதிய வரிக்கடியில் ஒற்றை விரலை வைத்து, அவசரமே இல்லாமல், எழுத்து எழுத்தாக நகர்த்தியது.

காதருகே ஒரு குரல் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியது.